மீதி அறிக்கை

பேருந்து ஓட்டுநரான அவளுக்கு மார்பிலிருந்த கட்டியை எடுத்து, புண்ணும் ஆறிவிட்டது. அடுத்து என்ன மருந்து என்று கேட்க நாத்தனாரோடு புற்றுநோய் மருத்துவரிடம் போனாள். அவர் ஆய்வக அறிக்கையைத் திருப்பிப் பார்த்தார். மறுபக்கம் வெறுமையாக இருந்தது.

"'மார்புப் புற்றுநோய், கட்டி அகற்றப்பட்டது.' இவ்வளவுதான் எழுதியிருக்காங்க. வெட்டின ஓரம் நோயில்லாம சுத்தமா இருக்கா, அக்குள்ல உள்ள நிணநீர் முடிச்சுக்குப் பரவியிருக்கா, ஹார்மோன் சோதனை என்ன சொல்லுது, ஒண்ணும் இல்ல. இத வச்சுக் குத்துமதிப்பாத்தான் மருந்து எழுதணும்."

"நான் குத்துமதிப்பா பஸ்ஸத் திருப்புறதில்ல டாக்டர்," என்றாள் அவள்.

"வீடு பாக்கப் போனவன், 'வீடு இருக்கு'ன்னு மட்டும் வந்து சொன்ன கதையால்ல இருக்கு," என்று நாத்தனார் எழுந்தாள். "வாங்க அண்ணி, கீழ போய் மீதியக் கேப்போம்."

கீழ்த்தளத்தில் ஆய்வக மருத்துவர் கையுறையைக் கழற்றியபடி வெளியே வந்தாள். நாத்தனார் சண்டைக்கு வரிந்துகட்டி நின்றாள். ஆனால் அதற்கு வேலையே இல்லாமல் போயிற்று.

"தப்பு என்னோடதுதாம்மா. புற்றுநோயா இல்லையான்னு மட்டும் கேட்டிருந்தாங்க. நானும் அதுக்கு மட்டும் பதில் எழுதிட்டேன். கேக்காட்டியும் எல்லாத்தையும் எழுதியிருக்கணும்."

"அப்ப மறுபடி வெட்டணுமா?" ஓட்டுநரின் கை தானாக மார்புக்குப் போயிற்று.

"உங்கள இல்ல. எடுத்ததெல்லாம் மெழுகுல பதிச்சுப் பத்திரமா இருக்கு. அத மெலிசா சீவினாப் போதும்."

சில நாளில் கூப்பிட்டு அனுப்பி, நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னாள். ஓட்டுநர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். எங்கும் பழுப்புப் புள்ளிகள்.

"ஹார்மோன் சோதனைக்குப் போட்ட சாயம் பிடிச்ச எடம் அது. ஹார்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படுற ரகம். பழுப்பு கூடக் கூட நல்லது."

"எங்கூடவே குடியிருந்துட்டு, இப்பதான் மொகத்தக் காட்டுது," என்றாள் ஓட்டுநர்.

புற்றுநோய் மருத்துவர் புது அறிக்கையை வரிவரியாக வாசித்தார். நாத்தனார் கதை கேட்பதுபோல் உம் கொட்டினாள். ஓரங்கள் சுத்தம். உம். முடிச்சுகளில் பரவல் இல்லை. உம். மாத்திரைக்குக் கட்டுப்படும். உம்.

"கதிர் சிகிச்சை, அப்புறம் தினம் ஒரு மாத்திரை. கீமோ வேண்டியதில்ல."

உம் வரவில்லை. ஓட்டுநர் திரும்பிப் பார்த்தாள். நாத்தனார் கைக்குட்டையில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்தாள்.

"நோய் எனக்கா, உனக்கா?" என்று சிரித்தாள் ஓட்டுநர்.

"நீங்க சும்மா இருங்க அண்ணி," என்று நாத்தனார் மூக்கைத் துடைத்தாள். "டாக்டர், முதல்லேருந்து இன்னொரு தடவ வாசிங்க."