கடத்தல்காரனின் கோட்டு

"பித்தளைத் தெறியோட எரிக்க விடமாட்டினம். வெட்டிப்போட்டுப் பெட்டிக்குள்ள வையும்," என்று மக்டலீன் அக்கா கத்தரிக்கோலை நீட்டினார்.

சிவப்பிரியா வாங்கவில்லை. அப்பா பரராசசிங்கம் சவப்பெட்டிக்குள் பட்டு வேட்டியோடு கிடந்தார். மூடுவதற்கு இன்னும் பத்து நிமிடம். நகர அரங்கில் உடை தைக்கும் மக்டலீன் அக்காவின் கையில் ஒரு பழைய பழுப்புக் கோட்டு; முன்பக்கம் ஆறு பித்தளைப் பொத்தான்கள்.

"என்ன பிள்ளை, ஒபிஸ் கோட்டோ?" சித்தப்பா தபோதரன் எட்டிப் பார்த்தார்.

அவள் எழுதிக்கொடுத்த மரண அறிவித்தலில் 'அரங்க நிர்வாக உத்தியோகத்தர்' என்றிருந்தது. உண்மையில் அப்பா பகலில் அந்த நகர அரங்கில் மேடை கூட்டினார். மாலையில் அங்கே நடக்கும் பாட்டு நாடகங்களில், பாடாமல் கூட்டத்தில் நிற்கும் வேடம் கட்டினார்.

அக்கா கழுத்துப்பட்டியைப் புரட்டினார். யார் போடுகிறாரோ அவர் பெயரை நாடாவில் எழுதி உள்ளே தைப்பது அங்கே வழக்கம். நான்கு நாடாக்கள். நான்கிலும் ஒரே பெயர்: பரராசசிங்கம்.

"கடத்தல்காரர் வாற ஒரு பிரெஞ்சு ஓப்பராவை நாலு தரம் போட்டவை. முதல்தரம் அட்டை மலை, உயிருள்ள கழுதை. பிறகு வந்த நெறியாளர் கதை முழுக்க மீன் தொழிற்சாலைக்குள்ள நடக்கிற மாதிரி வைச்சார். மூண்டாவது, வெறும் கதிரையள். கடைசியில எல்லைக் கம்பிவேலி. அண்ணை நாலிலயும் கடத்தல்காரன்தான். 'உண்மையா எல்லை கடந்தவன் இங்க நான் ஒராள்தானே' எண்டு பகிடி விடுவார்."

சிவப்பிரியா தரையைப் பார்த்தாள்.

"மூண்டாவது தரம் நீர் பள்ளிக்கூட வகுப்போட பாக்க வந்தனீர், என்ன? எப்பவும் பின்னுக்கு நிக்கிற மனிசன் அண்டைக்கு முன்னுக்கு வந்து நிண்டார்."

அன்று ஆசிரியை குனிந்து, "அது உன் அப்பாவா?" என்று கேட்டார். அவள் இல்லை என்றாள். அதைக் கேட்டு ஆசிரியை மேடையைப் பார்த்தார். அப்பாவும் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உடுப்புக் கழட்டேக்க என்னட்டச் சொன்னவர்," என்றார் அக்கா. "'மகளுக்கு என்னை அடையாளம் தெரியேல்லை. மேக்கப் அவ்வளவு திறம்' எண்டு."

கடத்தல்காரர்களுக்கு மேக்கப் போட்டார்களா என்று சிவப்பிரியா கேட்கவில்லை. கத்தரிக்கோலை வாங்கினாள். நூல் தடிப்பாக இருந்தது. ஒவ்வொரு தெறிக்கும் இரண்டு மூன்று முறை வெட்ட வேண்டியிருந்தது.

"ஆற்ர கோட்டு, பிள்ளை?" சித்தப்பா மறுபடி கேட்டார். பின்னால் இருந்த உறவினர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"அப்பாவின்ர. மேடையில போட்டது."

"அண்ணை நடிச்சவரோ?"

"ஓம். நான் பாத்தனான்."

கோட்டை வேட்டியின் மேல் விரித்து, கழுத்துப்பட்டியை வெளிப்பக்கமாக மடித்துவிட்டாள். ஊழியர்கள் மூடியோடு வந்தார்கள். ஒதுங்கி நின்றபோது, பொத்திய கைக்குள் ஆறு தெறிகளும் சூடேறியிருந்தன.