துணிக்கடைக்காரர் வாய்விட்டுப் பாராட்டிய நாள்

ரத்ததானக் குழுவுக்கு இரண்டு ஆண்டுகள் தலைவராக இருந்த துணிக்கடைக்காரருக்கு அன்று கடைசிக் கூட்டம். வாங்கும் சரக்கைப் புகழ்ந்தால் விலை ஏறிவிடும் என்று பழகிய மனிதர், கூட உழைத்த மூன்று பொறுப்பாளர்களையும் ஒரு நாள்கூடப் பாராட்டியதில்லை. இன்றும் விட்டால் இனி எப்போது? எழுந்தார். வாய் வழக்கம்போல் பேரம் பேசப் பார்த்தது, அடக்கினார்.

"தையக்காரம்மா, கல்யாண சீசன்லகூட மிஷினை நிறுத்திட்டு ரத்தம் குடுக்க ஆள் தேடினீங்க. டிரைவர் தம்பி ஒரு தடவைகூட லேட்டா வந்ததில்ல. வாத்தியாரே, ஊசியப் பாத்தாலே மயங்குற நீங்க நானூறு பேரைக் கூட்டிட்டு வந்தீங்க. உங்களை நெனச்சா எனக்குப் பெருமையா இருக்கு."

"அண்ணே, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்றார் தையற்காரம்மா, கண்ணைத் துடைத்தபடி எழுந்து.

"நல்லாத்தான் இருக்கேன். உக்காருங்க, இன்னும் முடியல" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தொடர்ந்தார்.