ஓடுமா, ஓடாதா?

என் வீட்டுக்காரர் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். இருபது வருடத் தொழிலில் எந்த மெஷினைப் பார்த்தும் "இது ஓடாது" என்று அவர் வாயால் சொன்னதில்லை. "கொஞ்சம் மூச்சு முட்டுது, சரியாயிடும்" என்பார். பெற்ற பிள்ளைகளைப் பற்றிக்கூட அவ்வளவு நம்பிக்கையாகப் பேசமாட்டார்.

அப்படிப்பட்டவர் மூன்று பழைய கார்களைப் பிரித்து, ஆறு வருடம் முட்டி தேய உழைத்து, வீட்டு முற்றத்தில் ஒரு காரை உருவாக்கினார். ஒரு கதவு நீலம், இன்னொன்று பச்சை. நான் அதற்குச் சம்பந்தி என்று பெயர் வைத்தேன். வேறு வேறு வீட்டிலிருந்து வந்து சேர்ந்ததால் எந்நேரமும் கடமுடா என்று சத்தம். இன்ஜின் ஒரு காருடையது, சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் இன்னொன்றுடையது. எந்தக் காகிதமும் எதனோடும் பொருந்தாததால் பதிவு எண் கிடைக்கவில்லை.

மாடி வீட்டுக்காரர் புகை வருகிறது என்று மனுப் போட்டுவிட்டார். செவ்வாய்க்கிழமை பார்வையிட வருவதாக நகராட்சியிலிருந்து தாள் வந்தது. நான் அலுவலகத்துக்கே போய் விதியைக் கேட்டு வந்தேன். பதிவில்லாத வண்டி ஓடும் நிலையில் இருந்தால், சொந்த முற்றத்தில் நின்றாலும் முப்பது நாளுக்குள் பதிவு செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஓடாத வண்டி என்றால் தார்ப்பாய் போட்டு மூடிக் காலம் முழுக்க வைத்துக்கொள்ளலாம்.

"ஒரே வார்த்தைதாங்க. ஓடாதுன்னு சொல்லிடுங்க" என்றேன்.

"சொல்றேன், சொல்றேன்."

"இப்ப சொல்லிக் காட்டுங்க."

"ஓ..." என்று ஆரம்பித்தார். இருமல் வந்துவிட்டது.

அந்த இருமலைக் கேட்டதும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஆறு வருடம் டார்ச் பிடித்து நின்றவளுக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரியாதா? செவ்வாய் காலை அவர் குளிக்கப் போன நேரத்தில், இன்ஜினைப் பற்றவைக்கிற இக்னிஷன் காயிலிலிருந்து போகிற தடித்த ஒயரை உருவி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

ஆய்வாளர் நல்ல மனுஷர். காரைச் சுற்றி வந்து, "ஓடுமா?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"பார்த்தா பழைய இரும்பு மாதிரிதான் இருக்கு. ஓடாதுன்னு எழுதிக்கிறேன்" என்றார் ஆய்வாளர்.

"பழைய இரும்பா?" என்றார் இவர்.

போச்சு. சாவியோடு ஏறி உட்கார்ந்துவிட்டார். திருப்பினார். கர்ர் என்றது. மறுபடி திருப்பினார், மறுபடியும் கர்ர். ஆய்வாளர் எழுதி முடித்து, "பரவால்ல சார், மூடி வச்சுக்குங்க" என்றார். கார் தப்பித்தது.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் இவர் இறங்கவே இல்லை. ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி மெல்லச் சொன்னார்: "நேத்து ஓடுச்சு சார்."

ஆய்வாளர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். சின்னப் பிள்ளை சொல்லும் பொய்க்கு ஆட்டுகிற மாதிரி. எனக்குச் சுருக்கென்றது. இந்த மனுஷனை ஆறு வருடமாகக் கேலி செய்கிறேன், அது என் உரிமை. இந்த ஆய்வாளர் யார் தலையாட்ட?

"சார், கொஞ்சம் நில்லுங்க" என்று ஒயரை எடுத்து நீட்டினேன்.

என் வீட்டுக்காரர் ஒயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இறங்கி மாட்டிவிட்டு வந்து சாவியைத் திருப்பினார். முற்றமே அதிர்ந்தது. மாடியில் ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது.

ஆய்வாளர் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். "முப்பது நாள்தாம்மா. பதிவு ஆகலைன்னா வண்டி போயிடும். தெரிஞ்சுதானே எடுத்துக் குடுத்தீங்க?"

"தெரிஞ்சுதான் சார்."

அவர் நகலை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு அந்தத் தாளை வாங்கினார். ரொம்ப நேரம் படித்தார். காகிதத்துக்காக யார் யாரிடம் நடக்க வேண்டுமோ என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, இங்க பாரேன்" என்று ஒரு வரிக்குக் கீழே விரலை வைத்தார். 'ஓடும் நிலையில் உள்ளது.' "கையெழுத்து, முத்திரை எல்லாம் போட்டுக் குடுத்திருக்காங்க."

அதற்குக் கீழே இருந்த முப்பது நாளை நான் மட்டும் படித்தேன்.