கொடியில் இரண்டு வெள்ளைத் துணி

இரண்டு வெள்ளைத் துணிகளும் கொடியில் உப்பி உப்பித் தணிகின்றன, கடற்காற்று ஒன்றை எடுத்து மற்றதன்மேல் எறிகிறது, இரண்டும் கட்டிப் புரண்டு பிரிகின்றன, மொட்டைமாடியில் காலி வாளியோடு நிற்கும் ஜெசிந்தாவுக்கு எது கோயில் பீடத்துணி, எது மாமாவின் படுக்கை விரிப்பு என்று ஒரு கணம் பிடிபடவில்லை, எப்படிப் பிடிபடும், இரண்டும் ஒரே சுருளிலிருந்து கிழித்த லாங்கிளாத் துணிதானே, போன வருஷம் பீடத்துக்கென்று எடுத்தது போக மிஞ்சியதை வீணாக்குவானேன் என்று மாமாவின் கட்டிலுக்கு விரிப்பாக்கினாள், அடையாளத்துக்குப் பீடத்துணியின் மூலையில் மட்டும் சிவப்பு நூலால் கடுகளவு சிலுவை ஒன்று போட்டு வைத்தாள். அவள் பெயரில் கோயிலில் இருந்தது அந்தச் சிலுவை ஒன்றுதான், புருஷன் கஸ்பார் தோணியில் மாலத்தீவுக்குப் போனால் திரும்ப மாதங்களாகும், மகள் மதுரையில் விடுதியில் இருந்து படிக்கிறாள், வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோன மாமனாரைத் தனியே போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை எங்கே போக, பூசை காண்பது போய் கோயில் ஒலிபெருக்கியில் பூசை கேட்பது என்றாகிவிட்டது, ஆனாலும் சனிக்கிழமைதோறும் பீடத்துணி மூட்டை வீட்டுக்கு வரும், அவள் வெளுத்துக் கொடுத்த துணிமேல்தான் மறுநாள் சாமியார் பூசை வைப்பார், நான் போகாவிட்டால் என்ன, என் கை போயிருக்கிறது என்று அவள் மனசைத் தேற்றிக்கொள்வாள்.

சந்தியாகு மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும், இந்த வீட்டுக்கு அவள் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அவள் சொன்ன எதற்கும் சரி என்று சொல்லியறியாத மனுஷன், குழம்பில் புளி கூடினாலும் குற்றம், குறைந்தாலும் குற்றம், அந்த வாயில் வாதம் வந்தபின் மிஞ்சியது ஒரே ஒரு சொல், ஆமென், கஞ்சி குடிக்கிறீங்களா மாமா, ஆமென், போதுமா, ஆமென், வலிக்குதா, ஆமென், முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது, அப்புறம் இரண்டும் வராமல் பழகிப்போயிற்று. பீடத்துணிக்கென்று தனி வாளி, தனி சோப்பு, கசக்கும் கசக்குக்கெல்லாம் மங்கள வார்த்தை செபம், அலசிய தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் செம்பருத்தியின் வேரில் ஊற்றுவாள், மாமாவின் விரிப்புக்கு வேறு வாளி, மூக்கை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, இன்னும் எத்தனை காலத்துக்கு ஆண்டவரே இந்த மூத்திர நாற்றம், ஒரே மூச்சாக அவரையும் கூட்டிக்கொள்ளேன், என்னையாவது கூட்டிக்கொள்ளேன் என்று முனகல்தான், மாமாவின் உடம்பில் தேய்க்கும் கோடாலித் தைலம் ஊறி ஊறி எத்தனை வெளுத்தாலும் அந்த வாசனை அதைவிட்டுப் போனதில்லை.

அன்று தூறல் போட்டது, ஓடிப்போய் இரண்டையும் சுருட்டிக்கொண்டு வருகிறாள், கீழே மாமா ஆமென் ஆமென் என்று கத்துகிறார், வாசலில் துணி வாங்க வந்த கோயில் உபதேசியார் பெர்க்மான்ஸ் சைக்கிள் மணியை விடாமல் அடிக்கிறார், இஸ்திரிப் பெட்டியை அவசரமாக ஓட்டி மடித்து ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டு மற்றதை மாமாவுக்கு விரித்தாள், மறுநாள் காலை ஒலிபெருக்கியில் வருகைப் பாட்டு முடிகிற நேரம், ஈரமான விரிப்பை உருவ மாமாவைப் புரட்டினாள், மூலையில், மஞ்சளாய் நனைந்த மூலையில், சிவப்பு நூல் சிலுவை. அப்படியானால் பீடத்தில் கிடப்பது மாமாவின் விரிப்பு, சாமியார் இந்நேரம் குனிந்து பீடத்தில் உதடு ஒற்றி முத்தி செய்திருப்பார், செபம் சொல்லி வெளுத்தது மாமாவின் முதுகுக்கடியில், முனகி முனகி வெளுத்தது ஆண்டவருக்கடியில், ஓடிப்போய்ச் சொல்லலாமென்றால் பாதி புரண்டு கிடக்கும் மனுஷனை எப்படி விட்டுப்போக, ஒரு கையால் அவரைத் தாங்கிக்கொண்டு மறு கையால் வாயைப் பொத்திக்கொண்டு நற்கருணை மணி அடிக்கிறவரை அப்படியே நின்றாள்.

மதியம் கண்ணயர்ந்தபோது மாமா பீடத்தின்மேல் படுத்திருந்தார், இரண்டு பக்கமும் திரி எரிகிறது, கூட்டம் முழங்காலில் நிற்கிறது, சாமியார் விரிப்பை உருவப் பார்க்கிறார், வராது சாமி, முதலில் அவரை வலப்பக்கம் புரட்டவேண்டும் என்று அவள் கடைசி வரிசையிலிருந்து சொல்கிறாள், சத்தம் வெளியே வரவில்லை, விழித்துப் பார்த்தால் மாமா கட்டிலில்தான் கிடக்கிறார், அவளையே பார்த்துக்கொண்டு. திங்கட்கிழமை பெர்க்மான்ஸ் வந்தார், தைலக் கறையைக் கண்டுபிடித்துவிட்டார்கள், பீடத்துணியை வாங்கிக்கொண்டு, ஏம்மா, பீடத்துல விரிக்கிறதும் மூத்திரம் போறவருக்கு விரிக்கிறதும் உனக்கு ஒண்ணாப் போச்சா, இனிமே மாதா சபைக்காரங்க வெளுத்துக்கிடட்டும் என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் திருப்பினார், கோயிலோடு இருந்த ஒரே பிடியும் போயிற்று, கூடப்பிறந்தவள் செத்துப்போன மாதிரி அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள், மாமா உங்களால்தான் என்று வாய்வரை வந்ததை விழுங்கினாள்.

அந்த வாரமே முதல் வெள்ளி, நோயாளிகளுக்கு நன்மை, அந்த நற்கருணை அப்பம், கொடுக்க சாமியார் வீடு வீடாக வருகிற நாள், முக்காலியில் துணி விரித்து, பாடுபட்ட சிலுவை வைத்து, திரி ஏற்றிவிட்டு அவள் சுவரோரம் ஒதுங்கி நிற்கிறாள், சின்ன வயசுச் சாமியார், நன்மையை உயர்த்திக் காட்டுகிறார், மாமா ஆமென் என்கிறார், அந்த ஒரு இடத்தில்தான் அவருடைய சொல் சரியாகப் போய்ப் பொருந்தும், சாமியார் அவள் பக்கம் திரும்புகிறார், எனக்கு வேண்டாம் சாமி என்று அவள் பின்வாங்குகிறாள், பீடத்துக்கு வந்த துணி நான் திட்டிக்கிட்டே வெளுத்தது, இவர் சாகணும்னு வேண்டிக்கிட்டே வெளுத்தது, அதுல போய் ஆண்டவரை வச்சிட்டீங்களே. சாமியார் சொன்னார், முத்தி செய்யக் குனிஞ்சேன், கோடாலித் தைலம் மணத்துச்சு, எங்கப்பா கடைசியா படுத்திருந்த கட்டில் ஞாபகம் வந்திட்டு, எங்கம்மாவும் திட்டிக்கிட்டேதான் வெளுத்தாங்க, ஒரு நாளும் வெளுக்காம இருந்ததில்ல, அன்னைக்குப் பூசையை அவங்க ரெண்டு பேருக்கும் ஒப்புக்கொடுத்தேன். நன்மையை அவள் முன்னால் நீட்டினார், அவள் வாய் திறக்குமுன் கட்டிலிலிருந்து மாமா ஆமென் என்று சொல்லிவிட்டார், சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு கொடுத்தார், கிளம்பும்போது பையிலிருந்து அந்த விரிப்பை எடுத்து முக்காலியில் வைத்தார், அதனடியில் வழக்கமான பீடத்துணி மூட்டை, நாளைக்கு வேணும், பெர்க்மான்ஸ் அண்ணாச்சிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்.

இரண்டு வெள்ளைத் துணிகளும் கொடியில் உப்பி உப்பித் தணிகின்றன, இன்றைக்கு இரண்டுக்கும் ஒரே செபம்தான் சொல்லியிருக்கிறாள், மாமாவின் துணிக்குச் சொல்லும்போது நடுவில் பழைய முனகலும் கொஞ்சம் கலந்துதான் போயிற்று, போனால் போகட்டும், அந்தத் தண்ணீரும் செம்பருத்திக்கே போயிற்று, வாசலில் பெர்க்மான்ஸ் மடிப்பைப் பிரித்து மூலையில் சிலுவை இருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார், பார்க்கட்டும், பார்க்கவேண்டியதுதானே. உள்ளே வந்து மாமாவை வலப்பக்கம் புரட்டி விரிப்பை உதறுகிறாள், கொடியில் உப்பியது போலவே அது கட்டிலின்மேல் ஒரு கணம் உப்பி அடங்குகிறது, சுருக்கம் நீவுகிறாள், யாரும் சொல்லித்தரவில்லை, என்ன செய்கிறோம் என்று நினைக்கவுமில்லை, குனிந்து அந்தத் துணியை முத்தி செய்கிறாள், தைல வாசனை மூக்கில் ஏறுகிறது, புரண்டு கிடந்த மாமா பிடிமானத்துக்குத் துழாவிய இடது கை அவள் தலைமேல் வந்து விழுந்து அங்கேயே தங்கிவிட்டது, ஆசீர்வாதமா, விழுந்துவிடுவோமென்ற பயமா, யார் கண்டது, கட்டிலில் சத்தமில்லை, அவர் சொல்லட்டும் என்று கொஞ்சம் காத்திருந்தாள், பிறகு, தலையை எடுக்காமல், ஆமென் என்று அவளே சொன்னாள்.