வடிவு டீச்சரின் பிளாஸ்க்

அந்த நகரத்துக்கு வேலைக்கு வரும் அயல்நாட்டு ஆசிரியர்கள், வந்திறங்கிய இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்குப் போய்த் தங்கள் அதிர்ச்சியைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அங்கே ஒரு சிவப்பு பிளாஸ்க் கொடுப்பார்கள். அதிர்ச்சி தானாக வந்து அதில் இறங்கும். வெள்ளிக்கிழமைதோறும் அதிகாரி மூடியைத் திறந்து மேலே உள்ளங்கையைக் காட்டிப் பார்ப்பார். சூடு இருந்தால் இன்னொரு வாரத்துக்கு முத்திரை. ஆறிப்போயிருந்தால் அந்த ஆசிரியர் ஊருக்குப் பழகிவிட்டார் என்று பொருள். பழகியவர் அயல்நாட்டவர் இல்லை. அயல்நாட்டவர் இல்லாதவருக்கு அயல்நாட்டு ஆசிரியர் வேலையும் இல்லை. டிக்கெட் போட்டு அனுப்பிவிடுவார்கள்.

திருநெல்வேலியிலிருந்து ஆங்கிலம் கற்பிக்க வந்த வடிவுக்கு பிளாஸ்க் கொடுத்தவர் குவோ என்ற அதிகாரி. கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்த, அளந்து பேசுகிற மனிதர். அவர் கேட்டதை, பள்ளியிலிருந்து துணைக்கு வந்த ஃபாங் டீச்சர் மொழிபெயர்த்தாள்.

"இப்போது அதிர்ச்சி எவ்வளவு இருக்கிறது?"

வடிவு யோசித்தாள். "பெரிசா ஒண்ணும் இல்ல சார். ஊர் சுத்தமா இருக்கு."

"பரவாயில்லை. நாளைக் காலைக்குள் வந்துவிடும்" என்றார் குவோ.

வந்தது. பள்ளி கொடுத்த அறை ஆறாவது மாடியில் இருந்தது. காலை ஏழு பத்துக்கு அவள் உப்புமாவுக்குக் கடுகு தாளித்துக்கொண்டிருந்தபோது, அடுப்படியின் கிழக்குச் சுவர் வழியாக ஒரு ரயில் உள்ளே வந்தது. வடிவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த கரண்டி பறந்தது. அவள் போட்ட கூச்சலுக்கு ஓட்டுநர் ரயிலை நிறுத்தி, இறங்கி வந்து, அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு மறுபடி ஏறிக்கொண்டார். பயணிகள் தலையசைத்து வணக்கம் சொன்னார்கள். ரயில் மேற்குச் சுவர் வழியாகப் போய்விட்டது. பேயறைந்தவள் மாதிரி வடிவு தரையில் உட்கார்ந்திருக்க, மேசைமேல் பிளாஸ்க் விளிம்புவரை நிறைந்து தளதளத்தது.

பள்ளியில் மதியச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் தூங்க வேண்டும் என்பது வழக்கம். ஐம்பது பிள்ளைகளும் மேசைமேல் தலை சாய்த்தார்கள். விளக்குகள் கண்ணை மூடின. கரும்பலகையில் அவள் எழுதியிருந்த எழுத்துகள் ஒவ்வொன்றாக வழுக்கி இறங்கிக் கீழ்ச்சட்டத்தில் வரிசையாகப் படுத்துக்கொண்டன. மணி அடித்ததும் சோம்பல் முறித்து மேலே ஏறின. தூக்கக் கலக்கத்தில் இரண்டு மூன்று இடம் மாறி நின்றன. பிள்ளைகள் அவை நின்ற வரிசையிலேயே எழுதிக்கொண்டார்கள். சந்தையில் மீன்கள்தான் வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுத்தன. முதல் இரண்டு மாதம் வடிவை ஒரு கெண்டைகூடச் சீந்தவில்லை. இப்படி ஒரு நாளைக்கு நாலு தரம் குலை நடுங்கி, வெள்ளிக்கிழமை பிளாஸ்க்கைத் துண்டால் பிடித்துத் தூக்கிப் போனாள். குவோ கையைக் காட்டி, "நல்ல கொதி" என்று முத்திரை வைத்தார்.

இவ்வளவு பயந்தவள் எதற்கு அங்கே இருக்க வேண்டும் என்று கேட்கலாம். காரணம் ஒரு சாவி. முப்பத்தெட்டு வயதுவரை தம்பி வீட்டு ஹாலில் படுத்தவள் அவள். தம்பி நல்லவன், தம்பி பெண்டாட்டி நல்லவள், பிள்ளைகள் தங்கம். ஆனால் அந்த வீட்டில் அவள் சாத்திக்கொள்ள ஒரு கதவு இருந்ததில்லை. இங்கே பள்ளிக்கூடத்தில் அறைச் சாவியைக் கையில் வைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. அதை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். உள்ளே ரயில் வந்தால் என்ன, கதவைப் பூட்டுவது அவள்தானே.

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். ரயிலும் புளிக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டாம் மாதத்தில் ஏழு ஒன்பதுக்கே வடிவு தோசைக்கல்லை நகர்த்தி வழிவிட்டாள். மூன்றாம் மாதத்தில், கூண்டுப் பறவையோடு தினமும் மூன்றாம் பெட்டியில் வரும் லுவோ என்பவரிடம், அதற்குள் கற்றுக்கொண்டிருந்த அந்த ஊர் மொழியில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டாள். அந்த ஊரிலும் யாரைப் பார்த்தாலும் கேட்கிற முதல் கேள்வி அதுதான். ஆகவே அவருக்குச் சந்தோஷம். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஒரு தோசை வாங்கிக்கொண்டு, உப்பு கொஞ்சம் குறைவு என்றார். மறுநாள் பெட்டிக்கு இரண்டு தோசை ஆயிற்று. ஒரு மஞ்சள் கெண்டை சந்தையில் அவளைப் பார்த்துத் துள்ளியபோது, பரீட்சையில் தேறியவள் போல வீடு வந்தாள்.

அந்த வாரம் குவோ மூடியைத் திறந்து, உள்ளங்கையைக் காட்டி, பிறகு ஒரு விரலையும் உள்ளே விட்டுப் பார்த்தார்.

"வெதுவெதுப்பு" என்றார். "அடுத்த வெள்ளி கடைசி."

வடிவு பயந்துபோனாள். ஆனால் பயம் வேறு, அதிர்ச்சி வேறு. பயத்துக்கு பிளாஸ்க் ஒரு பாகைகூடச் சூடேறவில்லை. போன வருடம் இப்படித்தான் ஒரு கனடாக்காரருக்கு ஆறிப்போனதாக ஃபாங் சொன்னாள். நல்ல மனிதராம், போகும்போது எல்லா மீன்களிடமும் சொல்லிக்கொண்டு போனாராம்.

அந்த வாரம் முழுக்க வடிவு தன்னைத்தானே திடுக்கிட வைக்கப் படாதபாடு பட்டாள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, கண்ணைக் கட்டி, கிழக்குச் சுவருக்கு முதுகைக் காட்டி நின்றாள். பயணிகள் மரியாதை தெரிந்தவர்கள். டீச்சர் பதறிவிடக்கூடாதே என்று ரயில் நுழையுமுன் லுவோ சுவர் வழியாகக் கையை நீட்டி மெல்ல அவள் தோளைத் தொட்டு, "வந்துவிட்டோம்" என்றார். வியாழக்கிழமை பிளாஸ்க் கைக்குச் சில்லென்று இருந்தது.

முடியாத கட்டத்தில் நம் ஆட்கள் என்ன செய்வார்களோ அதையே அவளும் செய்தாள். ரசம் வைத்தாள். ஒரு கைப்பிடி மிளகை நுணுக்கிப் போட்டு, கொதிக்கக் கொதிக்க பிளாஸ்க்கில் ஊற்றி மூடினாள்.

குவோ மூடியைத் திறந்தார். ஆவி எழுந்தது. மோந்து பார்த்தார், மூடியில் கொஞ்சம் ஊற்றி நிதானமாகக் குடித்தார். கண்ணில் நீர் கோத்தது. துடைத்துக்கொண்டார்.

"டீச்சர், இது சூடு" என்றார். "அதிர்ச்சி இல்லை."

"தெரியும் சார்" என்றாள் வடிவு. பொய் சொல்லி மாட்டிக்கொண்ட வெட்கத்தில் அவளுக்கு முகம் நிமிரவில்லை.

அவர் மீதி ரசத்தையும் குடித்து, பிளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்து, துடைத்து, மூடாமல் அவள் முன்னால் வைத்தார். பிறகு மேசைத் தொலைபேசியை அவள் பக்கம் தள்ளினார். "திரும்பிப் போகும் ஆசிரியரை அங்கே ஏற்றுக்கொள்ள ஆள் உண்டா என்று உறுதி செய்ய வேண்டும். வீட்டில் பேசுங்கள்."

வடிவு தம்பிக்குப் போட்டாள். நெல்லையப்பன் முதல் மணியிலேயே எடுத்தான். ஊருக்கே திரும்பி வர வேண்டியிருக்கும் என்றாள்.

"எக்கா! வாரியா? நெசமாவா?" அவன் குரலில் உண்மையான சந்தோஷம். "வா வா. பிள்ளைங்க நித்தம் உன்னையத்தான் கேக்கு. உன் பெட்டிய ஒடச்சித் தொறந்துட்டோம்க்கா, சேலையெல்லாம் வீணாப் போயிருமேன்னு இவதான் எடுத்துக் கட்டிக்கிட்டு இருக்கா. நீ பழையபடி ஹால்ல ஃபேனுக்கு நேர படுத்துக்கலாம். பக்கத்துத் தெருப் பிள்ளைங்க இருபது பேருக்கு நீ டியூசன் எடுப்பன்னு சொல்லி வச்சிட்டேன்."

"தம்பி, அந்தச் சின்ன ரூம் சும்மாதான கெடக்கு?" என்றாள் வடிவு. கை கழுத்துக் கயிற்றைப் பிடித்திருந்தது. "அத எனக்குக் குடேன். ஒரு பூட்டுச் சாவியோட."

நெல்லையப்பன் சிரித்தான். கேலி இல்லை, பாசமான சிரிப்பு.

"சாவியா? நம்ம வீட்ல ஒனக்கு எதுக்குக்கா சாவி?"

அந்த வீட்டில், இதே பேச்சைக் கேட்டு முப்பத்தெட்டு வயதுவரை இருந்தவள் அவள். ஒரு நாளும் ஒன்றும் ஆனதில்லை. இப்போது அவளுக்கு ஈரக்குலை ஆடியது. ரயில் வந்தபோதுகூட இப்படி ஆடவில்லை. மேசைமேல் பிளாஸ்க் கிடுகிடுவென்று நடுங்கி, விளிம்பு தாண்டிப் பொங்கி, குவோவின் கோப்புகளை நனைத்தது.

குவோ உள்ளங்கையைக் காட்டி, வெடுக்கென்று இழுத்துக்கொண்டு ஊதினார். நனையாத ஒரு தாளைத் தேடி எடுத்தார். அவளிடம் கேட்டு, அதிர்ச்சியின் காரணம் என்ற இடத்தில் 'சாவி' என்றும், அது நிகழ்ந்த ஊர் என்ற இடத்தில் 'திருநெல்வேலி' என்றும் எழுதினார். ஒரு வருடத்துக்கு முத்திரை குத்தினார்.

"ரசம் நன்றாக இருந்தது" என்றார்.

தொலைபேசியில் தம்பி இன்னும் இருந்தான். "எக்கா, லைன்ல இருக்கியா? ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். நேத்து நம்ம ஊரு ஸ்டேசன்ல இருந்து ஏட்டு வந்தாரு. உன் பேருக்கு ஒரு பிளாஸ்க் குடுத்துட்டுப் போயிருக்காரு. நீ எப்ப வந்தாலும் இருபத்திநாலு மணி நேரத்துக்குள்ள ஸ்டேசனுக்கு வந்து பதியணுமாம்."

"என்ன கலரு?"

"பச்ச. பூப்போட்டது."

"சரி, அலமாரில வையி" என்றாள் வடிவு. "மூடி இறுக்கமா இருக்கான்னு மட்டும் பாத்துக்கோ."