ஒருத்தி போதும்

மின்சாரக் கட்டணம் மறுபடியும் ஏறியபோது பல்லேகலயில் இருந்த அந்தப் பிளாஸ்டிக் பெக்டரியில் முதலில் மின்விசிறிகள் நின்றன. பிறகு காலைத் தேநீரில் சீனி நின்றது. அதுவும் போதாமல், உற்பத்தி மேலாளர் மோகனராஜ் ஒரு திங்கட்கிழமை காலை எல்லாரையும் மெஷின்களை விட்டுக் கூப்பிட்டு வரிசையாக நிற்க வைத்தார்.

"செலவ கொறைக்க ஆளுக்கொரு யோசனை சொல்லுங்க. நல்ல யோசனைக்குப் பரிசு இருக்கு" என்றார். தமிழில் சொன்னதைச் சிங்களத்திலும் சொன்னார். "இது நம்ம கொம்பெனி. இது நின்னாத்தான் நாம நிப்போம்."

நான்காம் மெஷினில் பிரேமிளாவும் மஸாஹிராவும் வேலை செய்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாப்பாடு கொண்டுபோகும் பெட்டிகள் அதில் வார்க்கப்பட்டன. மெஷின் வாய் திறந்ததும் சூடான பெட்டியை எடுத்து, ஓரத்தில் பிதுங்கிய பிசிறைக் கத்தியால் சீவுவது மஸாஹிராவின் வேலை. அதைத் துடைத்து, மூடி போட்டு, அட்டைப்பெட்டிக்குள் அடுக்குவது பிரேமிளாவின் வேலை. இரண்டு பேருக்கும் வீடு கட்டுகஸ்தோட்டையில். காலையில் ஒரே பஸ்ஸில் கண்டிக்கு வந்து, அங்கிருந்து பல்லேகல வழியாகப் போகும் திகன பஸ் பிடிப்பார்கள். மஸாஹிரா ஏழெட்டு வயது மூத்தவள். அவளைப் பிரேமிளா, முஸ்லிம் வீடுகளில் அக்காவைக் கூப்பிடுவதுபோல, ராத்தா என்றே கூப்பிடுவாள்.

அந்த உறவு தொடங்கியது உடுப்பு மாற்றும் அறையில். பிரேமிளா வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் மஸாஹிரா அங்கே விழுந்து, கைகால் வெட்டி வெட்டி இழுக்கக் கிடந்தாள். பிரேமிளா கதவைச் சாத்திவிட்டு, அடங்கும்வரை அவளுடைய தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து, "சாப்பிடாம வந்து மயக்கம் போட்டுட்டாங்க" என்று எல்லாருக்கும் சொன்னாள். அன்று பஸ்ஸில் மஸாஹிரா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு வழி முழுக்க அழுதாள். கிளினிக் மாத்திரையை ஒழுங்காகக் குடித்தால் வலிப்பு வராது, குடிக்க மறந்ததால் வந்தது, வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்றாள். அதற்குப் பிறகு மூன்று வருடமாக வரவும் இல்லை, பிரேமிளா ஒருவரிடமும் சொல்லவும் இல்லை.

யோசனை மஸாஹிராவினுடையது. பிரேமிளா கழிப்பறைக்குப் போகும் நேரங்களில் அவள் ஒரு பலகையைச் சரிவாகச் சாய்த்து வைத்துக்கொள்வாள். சீவிய பெட்டியை அதில் விட்டால் அது வழுக்கிக்கொண்டு போய் அடுக்கும் மேசையில் நிற்கும். மெஷின் அடுத்ததை வார்த்து முடிப்பதற்குள் ஓரடி திரும்பி மூடியைப் போட்டுவிடலாம்.

"இதச் சொல்லுவோம் ராத்தா" என்றாள் பிரேமிளா.

"சொன்னா ஒருத்தியே ரெண்டு பேர்ட வேலையயும் செய்யலாமெண்டு ஆகிடுமே. மத்தவள என்ன செய்வாங்க?"

"புது மெஷின் வருதுன்னு சொல்றாங்கல்ல? அதுல போடுவாங்க. எங்க யோசனைக்கு எங்களையே வெளிய போடுவாங்களா?"

இரண்டு பேரின் பேரிலும் அதைச் சொன்னார்கள். பரிசும் கிடைத்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு ரைஸ் குக்கர். மோகனராஜ் அதைக் கொடுக்கும்போது எல்லாரும் கை தட்டினார்கள். பிரேமிளாவின் பிள்ளைகள் இரண்டும் சின்னதுகள் என்று மஸாஹிரா அதை அவளிடமே விட்டுவிட்டாள்.

அடுத்த கிழமையே எல்லா மெஷின்களுக்கும் சரிவுப் பலகை வந்தது. புது மெஷின் வரவில்லை. ஒவ்வொரு மெஷினிலிருந்தும் ஒருத்தி நிறுத்தப்படுவாள் என்ற அறிவிப்புதான் வந்தது. போகிறவர்களுக்குச் சட்டப்படியான நட்டஈடும் நல்ல சான்றிதழும் கிடைக்கும் என்றார்கள். அன்று முதல் இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்து வேறு மேசைக்குப் போனார்கள். ஒருத்தி போகிறபோக்கில் பிரேமிளாவின் தண்ணீர்ப் போத்தலைத் தட்டிவிட்டுப் போனாள்.

மோகனராஜ் மற்ற மெஷின்களில் தானே ஆள் பிரித்தார். நான்காம் மெஷினுக்கு மட்டும் அப்படிச் செய்யவில்லை. இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டுக் கதிரையில் உட்கார வைத்தார்.

"யோசனை உங்களோடது. முடிவும் உங்களோடதா இருக்கட்டும். யார் நிக்கிறது, யார் போறதுன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்களே பேசிச் சொல்லுங்க. ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி மாதிரிதானே?"

அதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். பிரேமிளாவுக்கு அந்தச் சிரிப்புப் புரிந்தது. தெருவில் இரண்டு நாய்களுக்கு நடுவில் ஒரு எலும்பைப் போட்டுவிட்டு நிற்பவர்களின் சிரிப்பு அது.

திரும்பும் பஸ்ஸில் இரண்டு பேரும் வழக்கம்போலப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மஸாஹிராவைப் புருஷன் விட்டுப்போய்ப் பல காலம். மகள் அம்னா அந்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுத இருந்தாள். பிரேமிளாவின் புருஷன் சுதேஷ் ஓட்டிய முச்சக்கர வண்டியைத் தவணை கட்டவில்லை என்று லீசிங்காரர்கள் கொண்டுபோன பிறகு, அவன் கிடைத்த நாளில் கூலி வேலைக்குப் போனான். யாருடைய கஷ்டம் பெரிது என்று பேசத் தொடங்கினால் பேச்சு எங்கே போய் முடியும் என்று இரண்டு பேருக்கும் பயமாக இருந்தது.

மஸாஹிராதான் முதலில் வாய் திறந்தாள். "சீட்டுப் போடுவோம் பிரேமி. அல்லாஹ் யாருக்கு நாடியிரிக்கானோ அவ நிக்கட்டும். மத்தவ மனசுல ஒண்டும் வெச்சிக்கக் கூடாது."

"சரி ராத்தா."

"வெள்ளிக்கிழம பகல் சாப்பாட்டு நேரம். சரியா?"

"சரி."

பிரேமிளா அதை மனதாரத்தான் சொன்னாள். ஆனால் வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போது அவளுடைய மனதில் அது வந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சுதேஷிடம்கூட அவள் ஒன்றும் பேசவில்லை. மூன்று வருடமாகக் காத்து வைத்த ஒன்று தன் கையில் இருப்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சீட்டு யாருக்கும் விழலாம். இது அப்படியல்ல.

வியாழக்கிழமை மஸாஹிரா பகல் நேர ளுஹர் தொழப் போனபோது அவள் மோகனராஜின் அறைக்குள் போனாள்.

"சேர், ராத்தா மேல உள்ள அக்கறையிலதான் சொல்றேன். கத்தியோட நிக்கிற வேல. மெஷினும் சூடு."

"என்ன விஷயம்?"

"அவங்களுக்கு வலிப்பு வரும் சேர்."

மோகனராஜ் கையிலிருந்த கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். "சேரும்போது சொன்னாங்களா?"

"இல்ல சேர்."

"நீங்க எப்ப பார்த்தீங்க?"

பிரேமிளா அவர் கீழே வைத்த கோப்பையையே பார்த்தாள்.

"சரி, எப்பன்னு பிறகு யோசிப்போம்" என்றார் அவர். "நீங்க போய் வேலையப் பாருங்க."

வெள்ளிக்கிழமை மஸாஹிரா அட்டைப்பெட்டி ஓரத்தைக் கிழித்து இரண்டு சீட்டு எழுதி, சாப்பாட்டுப் பெட்டியின் மூடியில் போட்டுக் குலுக்கினாள். "நீயே எடு. சின்னவ நீ."

பிரேமிளா எடுத்தாள். நிற்கிறவள் என்று எழுதியிருந்தது.

மஸாஹிராவின் முகம் ஒரு நிமிடம் வெளிறியது. பிறகு அவள் சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். "உனக்குத்தான் நாடியிரிக்கி. நல்லம். எனக்கு வார நட்டஈட்டுல அம்னாட பரீட்ச முடியும்வரைக்கும் ஓட்டிருவேன். பொறகு சான்றிதழக் காட்டி வேற இடம் தேடலாம்." தன் சோற்றிலிருந்த அவித்த முட்டையைப் பிய்த்துப் பாதியைப் பிரேமிளாவின் பெட்டியில் வைத்தாள்.

பிரேமிளா அதைத் தொடவில்லை. கை கழுவப் போகிறவள்போல எழுந்து மோகனராஜின் அறைக்கு ஓடினாள்.

"சேர், நாங்க பேசி முடிச்சிட்டோம். நான் நிக்கிறேன், அவங்க போறாங்க. நான் நேத்து சொன்னது வேணாம் சேர். அத விட்டுருங்க."

"எப்படி விடுறது? தலைமை ஆபீசுக்குச் சொல்லியாச்சு. நோய் வருத்தத்த மறைச்சு வேலைக்குச் சேர்ந்தவங்கள நிறுத்தினா கொம்பெனி ஒரு சதமும் நட்டஈடு குடுக்கத் தேவையில்ல." அவர் கதிரையில் சாய்ந்துகொண்டார். "இது உங்க ரெண்டாவது யோசனை பிரேமிளா. மொதலாவத விட நல்ல யோசனை."

"சேர், அவங்களுக்கு ஒரு பொம்பளப் பிள்ள இருக்கு சேர்."

"உங்களுக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கில்ல? அப்ப போய் மெஷினப் பாருங்க."

வேலை முடியும் முன்பே மஸாஹிராவை எல்லாருக்கும் முன்னால் கூப்பிட்டார்கள். வலிப்பு வருத்தத்தை மறைத்துக் கொம்பெனியை ஏமாற்றிவிட்டாள் என்று மோகனராஜ் உரக்கச் சொன்னார். வேறு யாராவது எதையாவது மறைத்திருந்தால் தாங்களாகவே வந்து சொல்வது நல்லது என்றார். காவலாளி அவளுடைய பையைத் திறந்து, உள்ளே இருந்ததையெல்லாம் மேசையில் கொட்டிப் பார்த்தான். மாத்திரைப் பக்கற்றும் அதில் கிடந்தது. அவன் அதை எடுத்து உயர்த்திக் காட்டினான்.

மஸாஹிரா அழவில்லை. பையை அடுக்கிக்கொண்டு நேராகப் பிரேமிளாவிடம் வந்தாள்.

"சீட்டு எடுக்க முந்தியே சொன்னியா, எடுத்த பொறகா?"

"நான் சொல்லல்ல ராத்தா."

"அது ஒனக்கு மட்டுந்தான் தெரியும். சொன்னியா எண்டு நான் கேக்கல்ல. எப்ப எண்டுதான் கேட்டேன்."

"சத்தியமா நான் சொல்லல்ல."

மஸாஹிரா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு கேட்டைத் தாண்டிப் போனாள்.

மஸாஹிரா தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்தாள். அடுத்த மாதம் விசாரணை கண்டி நகரத்தில் நடந்தது. கொம்பெனியின் சாட்சியாகப் பிரேமிளாவை மோகனராஜ் தன் வேனிலேயே கூட்டிப்போனார்.

"அவங்களுக்கு வலிப்பு வந்தத போன மாசந்தான் மொதல் தடவையா பார்த்தேன்னு சொல்லுங்க" என்றார் வழியில். "மூணு வருஷமா தெரியும்னு வந்தா நீங்களும் மறைச்சவங்கதான். அப்புறம் என்னால உங்களக் காப்பாத்த முடியாது."

அதிகாரி நடுவயதுப் பெண். பொறுமையாகக் கேட்டார். மோகனராஜ் சொல்லிக்கொடுத்தபடியே பிரேமிளா சொன்னாள். அதிகாரி மஸாஹிராவைப் பார்த்தார்.

"நான் மறச்சது உண்ம" என்றாள் மஸாஹிரா. "ஆனா ஒருக்காதான் வந்திச்சி, அதுவும் மூணு வருசத்துக்கு முந்தி. அண்டைக்கு உடுப்பு மாத்துற ரூம்ல இவதான் என் தலைய மடியில வெச்சிக்கிட்டு இருந்தவ. என் வாயத் தொடச்சது இவட சாரியாலதான். கேளுங்க மிஸ்."

அதிகாரி கேட்டார்.

அறையில் எல்லாரும் தன்னையே பார்ப்பது பிரேமிளாவுக்குத் தெரிந்தது. மடியில் அந்தத் தலையின் கனம் எப்படி இருந்தது என்பது அவளுக்கு இன்னும் நினைவிருந்தது.

"பொய் மிஸ்" என்றாள். "இவங்கள எனக்கு அவ்வளவு பழக்கமில்ல."

வேறு சாட்சி இருந்தால் கொண்டுவரலாம், தவணை தரலாம் என்றார் அதிகாரி. மஸாஹிரா வேண்டாமென்று தலையசைத்து எழுந்தாள். போகும்போது பிரேமிளாவின் கதிரைக்குப் பக்கத்தில் நின்றாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று பிரேமிளா தோளைக் குறுக்கிக்கொண்டாள். கதிரையில் மாட்டியிருந்த தன் குடையை எடுப்பதற்குத்தான் அவள் நின்றிருந்தாள்.

மழையில் வேன் மெதுவாகப் போனது. இன்றைக்கு இனிப் பெக்டரிக்குப் போகத் தேவையில்லை, வீட்டிலேயே இறக்கிவிடுகிறேன் என்று மோகனராஜ் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் திருப்பினார். பஸ் நிறுத்தத்தில் நின்ற கூட்டத்துக்குள் மஸாஹிராவும் இருந்தாள். வேன் வாரியிறைத்த சேறு யார் மேல் பட்டது என்று பிரேமிளா திரும்பிப் பார்க்கவில்லை.

"அடுத்த மாசத்துல இருந்து உங்கள எல்லா மெஷினையும் பாக்குற லயின் லீடரா போடுறேன்" என்றார் அவர்.

பிரேமிளா நம்பாமல் பார்த்தாள். "ஏன் சேர் நான்? அங்க யாருமே என்னோட பேசுறதில்லையே."

"அதுதான் காரணம். கூட்டாளி இருக்கிறவங்க கணக்குப் பாக்காம இரக்கம் பாப்பாங்க. உங்களுக்கு இனி அங்க யாரும் இல்ல." அவர் கண்ணாடியைத் துடைக்கும் பொத்தானை அழுத்தினார். "இன்னும் கொஞ்சம் ஆட்கள கொறைக்கணும். நட்டஈடு இல்லாம போகக்கூடியவங்க யாருன்னு பாருங்க. வருத்தம், கள்ள லீவு, என்னவா இருந்தாலும் சரி. அவசரமில்ல."

வேண்டாம் என்று சொல்லத்தான் பிரேமிளா வாயைத் திறந்தாள்.

"சம்பளம் எவ்வளவு கூடும் சேர்?" என்று கேட்டாள்.

அவர் சொன்னார். அது அவள் நினைத்ததை விடக் குறைவு. அவள் சரியென்று தலையசைத்தாள். வீதியில் வாகனங்கள் நெருக்கி நின்றன. கண்ணாடியில் மழை வழிவதைப் பார்த்தபடி, முதலாம் மெஷினிலிருந்து தொடங்கி ஒவ்வொரு முகமாக அவள் நினைத்துப் பார்க்கத் தொடங்கினாள்.