வேலிக்குள் அகப்பட்ட நிழல்

1959ஆம் ஆண்டு ஆவணி மாதம் பத்தாம் திகதி புதன்கிழமை சூரியன் மறைந்த பிறகும், பாலைப்பிட்டிக்குளக் குடியேற்றத்தில் நினைவுத்தூபியின் நிழலும் பக்கத்துக் கோபுரத்தின் நிழலும் சிவனேஸ்வரியின் வயலை விட்டு எழும்பிப் போகவில்லை. மற்ற நிழல்கள், மரங்களுடையவையும் மாடுகளுடையவையும் கூட்டுறவுச் சங்கக்கடைக் கூரையுடையதும், வழக்கம்போல ஆறேகாலுக்குக் கலைந்துவிட்டன. இவை இரண்டும் அப்படியே கிடந்தன. அடுத்த நாள் காலையிலும் கிடந்தன. அன்று நண்பகல் வயலைச் சுற்றி அடைத்து முடித்த வேலிதான் இதற்குக் காரணம் என்பதில் குடியேற்றத்தில் இரண்டு கருத்து இருக்கவில்லை. வேலி நேராக நிற்கிறதா என்பதில்தான் இரண்டு கருத்து இருந்தது.

குடியேற்றம் நெடுங்கேணியிலிருந்து பதினொரு மைல். 1953இல் காடு வெட்டி, யாழ்ப்பாணத்திலிருந்து நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களைக் கொண்டுவந்து, குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் வயலும் ஒரு ஏக்கர் மேட்டுக்காணியும் கொடுத்தார்கள். நாற்பத்தேழாம் இலக்கக் காணி வீரகத்திக்குக் கிடைத்தது. 1955 மாரியில் அவரைப் புடையன் பாம்பு கடித்தது. நெடுங்கேணி மருந்துச்சாலைக்கு மாட்டு வண்டிலில் கொண்டுபோனபோது ஆறாவது மைலில் உயிர் போயிற்று. காணி அவர் மனைவி சிவனேஸ்வரியின் பெயருக்கு வந்தது. குடியேற்றத்திலேயே ஒரு மருந்துச்சாலை வேண்டும் என்று எல்லாக் குடும்பங்களும் கையெழுத்தும் பெருவிரலும் வைத்து மூன்று பிரதிகளில் மனு அனுப்பின. பதினாறு மாதம் கழித்துப் பதில் வந்தது. அது நான்கு லொறி சீமெந்தாக வந்தது.

புத்தர் பரிநிர்வாணம் அடைந்ததன் இரண்டாயிரத்து ஐந்நூறாவது ஆண்டு நிறைவை நாடு கொண்டாடிய காலம் அது. நாட்டின் பக்தி எல்லாத் திசையிலும் தெரியவேண்டும் என்று மேலிடம் தீர்மானித்திருந்தது. பாலைப்பிட்டிக்குளத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், சுற்றுப்பயணம் வந்த ஒரு மந்திரியின் நீளக் கார் பின்னுக்கு எடுக்காமல் திரும்பக்கூடிய ஒரே இடம் அந்தப் பாதையில் அதுதான். நாற்பத்தொரு நாளில் அறுபத்திரண்டு அடி வெள்ளைத் தூபி எழுந்தது. அதன் அடியில் ஒரு பித்தளைப் பலகை இருந்தது. அதிலிருந்த மொழியை வாசிக்கத் தெரிந்தவர்கள் குடியேற்றத்தில் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பெண்கள் முதல் வெள்ளிக்கிழமை பலகைக்குப் பூ வைத்து, கற்பூரம் கொளுத்தி, ஏழு தேங்காய் உடைத்தார்கள். இது தேங்காய் உடைக்கிற சாமான் அல்ல என்று தூபி கட்டிய பொறியியலாளர் ஆளனுப்பிச் சொன்ன பிறகு பூவோடு நிறுத்திக்கொண்டார்கள்.

தூபிக்கு நேர் கிழக்கே நாற்பத்தேழாம் காணி. மத்தியானத்துக்குப் பிறகு நிழல் அதன்மேல் விழுந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உயர்ந்ததற்கு நிழல் உண்டு. ஆனால் பௌர்ணமிதோறும் வவுனியாவிலிருந்து ஜீப்பில் உத்தியோகத்தர்கள் வந்து ஒலிபெருக்கி கட்டிப் பேசினார்கள். பேச்சு முடியும்போது நிழல் முன்பிருந்ததைவிட நீண்டிருக்கும். நாற்பது நிமிடப் பேச்சுக்கு நான்கு வரம்பு. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் நாட்டின் பெருமையைப் பற்றி இரண்டு மணி இருபது நிமிடம் பேசியபோது நிழல் வாய்க்காலைத் தொட்டது. அது சாதாரண நிழலாகவும் இல்லை. கையை வைத்தால் நனைந்த சாக்குப்போலக் குளிர்ந்தது, தடித்திருந்தது. சிட்டுக்குருவிகள் அதன் ஓரத்தில் வந்து நின்று, யோசித்து, சுற்றிப் பறந்தன. முதலாவது காலபோகத்தில், அந்த மாரி விதைப்பில், மூன்றில் ஒரு பங்கு நெல் பால் பிடித்ததோடு நின்றது. 1958 வைகாசிக் கலவரத்தில் தெற்கிலிருந்து அடிபட்டு, வீடு எரிபட்டு வந்த சனங்கள் பொட்டலங்களோடு இரண்டு நாள் அந்த நிழலில் இருந்து இளைப்பாறிவிட்டு வடக்கே போனார்கள். அந்த இரண்டு நாளும் நிழல் ஒரு அங்குலமும் வளரவில்லை. பேசுவதற்கு எவரும் வரவில்லை.

அடுத்த காலபோகம் முழுவதும் சப்பியாக, வெறும் பதராகப் போயிற்று. காணிப் பத்திரத்தின் ஒன்பதாவது விதி இரண்டே வரி: தொடர்ந்து இரண்டு காலபோகம் விளைவு காட்டாத காணி திருப்பி எடுக்கப்படும். ஒன்று போய்விட்டது. சிவனேஸ்வரி பத்திரத்தை மடித்துக்கொண்டு குடியேற்ற உத்தியோகத்தர் கதிர்காமநாதனிடம் போனாள். அவர் கெட்ட மனிதர் அல்ல. எல்லாவற்றுக்கும் ஒரு படிவம் உண்டு என்று நம்புகிறவர்.

"வெள்ளத்துக்குப் படிவம் இருக்கு, பிள்ளை. யானைக்கு இருக்கு. அறக்கொட்டிப் பூச்சிக்கு இருக்கு. நிழலுக்கு நான் எங்கை போறது?"

"யானை எண்டு எழுதுங்கோ ஐயா. அதுகும் கறுப்புத்தானே."

"யானை எண்டால் காலடி காட்டவேணும்."

"அப்ப தூபியைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லி எழுதுங்கோ."

கதிர்காமநாதன் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தார். "உதை இனிமேல் வாயாலை சொல்லாதையும். எனக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் ஆறு வருஷம் கிடக்கு."

வீரகத்தியின் தமையன் இளையதம்பிதான் குடியேற்றத்துப் பிள்ளையார் கோயில் சபையின் தலைவர். அவர் தம்பியின் பெண்சாதிக்கு நீதி கிடைக்கவேண்டும் என்று சபையைக் கூட்டினார். சபை ஏழு மணித்தியாலம் யோசித்து, ஒரு நிழலை வெளியேற்ற அதைவிடப் பெரிய நிழல்தான் வேண்டும் என்று கண்டது. தூபிக்குப் பக்கத்தில் அறுபத்தாறு அடிக்குக் கோபுரம் எழும்பியது. உள்ளேயிருந்த பிள்ளையார் பத்து அங்குலம், அவரைக் கேட்கவில்லை. ஆனி மாதக் கும்பாபிஷேகத்தில் இரண்டு கூட்டம் நாதஸ்வரமும் நான்கு பிரசங்கமும் நடந்தன. கோபுர நிழல் எழும்பி, சபை வழிகாட்டியபடியே நாற்பத்தேழாம் காணிக்குள் போயிற்று. தூபியின் நிழலோடு அது சண்டை பிடிக்கும் என்று பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். தூபியின் நிழல் கொஞ்சம் ஒதுங்கி இடம் கொடுத்தது. இரண்டும் கலியாணம் முடித்து நாற்பது வருஷமானவர்கள்போல ஒன்றின்மேல் ஒன்று காலைப் போட்டுக்கொண்டு படுத்தன. வெயிலில் மிச்சமிருந்த ஓரத் துண்டும் போயிற்று.

முல்லைத்தீவிலிருந்து பஸ்ஸில் கருவாடு கொண்டுவந்து விற்கிற மார்கிறட் ஓலைக் கடகத்தை இறக்கி வைத்துவிட்டு வயலைப் பார்த்தாள்.

"அக்கா, எங்கடை ஊரிலையும் அந்தோனியாருக்கு நாப்பது அடியிலை சுரூபம் கட்டப்போயினமாம். கடலைப் பாத்தபடி."

"நிழல் எங்கை விழும்?"

"கருவாடு காயப்போடுற இடத்திலைதான். வேறை எங்கை விழும்?" என்றாள் மார்கிறட். "பணக்காரற்றை முத்தத்திலை விழுந்த சாமி நிழலை நீங்கள் கண்டிருக்கிறியளோ?"

கோபுர யோசனை பிழையாய்ப் போன பிறகு இளையதம்பி தனக்கு உண்மையாகத் தெரிந்த தொழிலுக்கு வந்தார். யாழ்ப்பாணத்திலே அவர் வேலிக்காரர். அங்கே ஒரு வேலிக்காகத் தகப்பனும் மகனும் பதினேழு வருஷம் வழக்காடிக் கோட்டுக்கு நடப்பார்கள். ஒருவன் வேலிக் கம்பான கதியாலை ஒரு விரலளவு தள்ளி நட்டால் மற்றவன் அதைக் கண்ணாலேயே அளந்து சொல்லுவான். பிரச்சினை எதுவென்றாலும் முதலில் சுற்றி அடை, பிறகு யோசி என்பதுதான் அவர் பிறந்த ஊரின் அறிவு. நிழல் இனி வளராமலிருக்க அதைச் சுற்றி வேலி போடுவது என்று அவர் சொன்னபோது, நூற்றுப் பன்னிரண்டு குடும்பத்திலும் ஒருவர்கூட அதில் புதுமை காணவில்லை. கிளுவைக் கதியால் வெட்டி, சாண் இடைவெளியில் நட்டு, பனையோலை வைத்து வரிந்து, ஆள் போய்வர மேற்கே ஒரு படலையும் போட்டார்கள். ஆவணி பத்தாம் திகதி நண்பகல் கடைசிக் கட்டுப் போட்டாயிற்று. நிழல் வளருவது நின்றது. ஆனால் அதற்கு இப்போது எல்லை வந்துவிட்டது. எல்லை வந்த எதுவும் தன்னைக் காணி என்றுதான் நினைக்கும். காணி பின்னேரத்தில் எழும்பிப் போவதில்லை.

மூன்றாவது கிழமை நில அளவையாளர் சங்கிலியோடு வந்தார். வேலி இருந்ததால் வேலை சுலபமாக முடிந்தது என்று இளையதம்பியைப் பாராட்டினார். வரைபடத்தில் அந்த இடம் நாற்பத்தேழு அ என்று மையால் கறுப்பாகத் தீட்டப்பட்டது. கீழ்ப்பாதி நிழல் அரசாங்கத்துடையது, மேற்பாதி நிழல் கோயில் சபையுடையது, இரண்டுக்கும் கீழேயுள்ள மண் விதி ஒன்பதுக்கு உட்பட்டுச் சிவனேஸ்வரியுடையது என்று குறிப்பு எழுதினார்கள். படலையில் செருப்பைக் கழற்றவும் என்று பலகை தொங்கியது. அந்தக் குடியேற்றத்தில் வயலுக்குச் செருப்போடு போகிறவர் எவருமில்லையாதலால் கட்டளை முழுமையாக நிறைவேறியது. வவுனியாவிலிருந்து ஒரு பொலிஸ் கொன்ஸ்தாப்பு காவலுக்கு வந்தார். பஸ்கள் அங்கே நின்று போயின, செட்டிகுளத்திலிருந்துகூட ஆட்கள் வந்து படலைக்கு வெளியே நின்று, குளிர்ச்சியை வாங்கி முகத்தில் ஒற்றிக்கொண்டு போனார்கள். காணி திருப்பி எடுக்கப்பட்டால் அங்கே யாத்திரிகர் மடம் கட்டலாம் என்று அரசாங்கமும், தேர் நிற்கத் தேர்முட்டி கட்டலாம் என்று சபையும் தனித்தனியே படம் கீறி வைத்தன. இளையதம்பிக்கு அந்தத் தேர்முட்டியின் படம் பிடித்திருந்தது. நீதியைப் பற்றி அவர் பேசுவது குறைந்தது.

சிவனேஸ்வரி ஐப்பசியில் விதைத்தாள். மழையும் சரியாக விழுந்தது. எட்டாம் நாள் முளை வந்தது, மெழுகுதிரிபோல வெள்ளையாக. கார்த்திகையிலும் வெள்ளையாகவே நின்றது. மார்கழி பதினைந்தாம் திகதி பயிரைப் பார்வையிட்டு ஒன்பதாவது விதிப்படி அறிக்கை எழுதப்படும் என்று கடிதம் வந்தது. கடிதத்தை வாசித்துவிட்டு அவள் வயலைச் சுற்றி இரண்டு தரம் நடந்தாள். மேற்கு வேலி நிமிர்ந்து நின்றது. கிழக்கு வேலி, பள்ளப்பக்கம், வெளியே வயிறு தள்ளி நின்றது. ஓலைகளுக்கிடையில் கறுப்பு கசிந்து கதியாலடியில் தேங்கியிருந்தது. நான்கு வருஷம் தனியே வயலுக்குத் தண்ணீர் கட்டியவளுக்கு இதற்குமேல் எவரும் விளக்கம் சொல்லத் தேவையிருக்கவில்லை.

கார்த்திகை இருபத்துமூன்றாம் திகதி காலை பத்து மணிக்குக் கத்தியும் மண்வெட்டியும் கொண்டு கிழக்கு மூலைக்குப் போனாள். இளையதம்பி சால்வையும் கையுமாக ஓடிவந்தார்.

"பிள்ளை, வேலியிலை கை வையாதை! உது இப்ப புண்ணிய பூமி."

"புண்ணிய பூமியிலை நெல்லு விளையுமோ, அத்தான்?"

"அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது? ஊர் முழுக்கக் கும்பிடுது."

"கும்பிடுறவை ஆளுக்கு ஒரு முழம் சுருட்டிக்கொண்டு போகட்டும். உங்கடை முத்தத்திலை ரெண்டு முழம் போடட்டோ?"

இளையதம்பி கொன்ஸ்தாப்பைப் பார்த்தார். கொன்ஸ்தாப்பு தன் கட்டளைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். ஆட்கள் உள்ளே போவதைத் தடுக்கும்படிதான் எழுதியிருந்தது. உள்ளேயிருப்பது வெளியே வருவதைப் பற்றி ஒன்றும் இல்லை. அவர் புத்தகத்தை மூடிச் சட்டைப்பையில் வைத்தார்.

"என்ரை கையாலை வரிஞ்ச வேலி, பிள்ளை," என்றார் இளையதம்பி கடைசியாக. அது மட்டும் உண்மையான துக்கம்.

"நல்ல வேலி, அத்தான். அதுதான் பிழை," என்று சொல்லி அவள் கட்டுக் கயிற்றை அறுத்தாள். நான்கு கதியாலைப் பிடுங்கி, வரம்பை இரண்டு அடிக்கு வெட்டி விட்டாள்.

முதலில் கோபுரத்தின் நிழல்தான் வெளியேறியது. தூபியின் நிழல் அதை இடித்துத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தது. இரண்டும் வாய்க்காலில் இறங்கி முழங்காலளவு ஓடின. சத்தம் இல்லை. மதகில் கொஞ்சம் அடைத்துக்கொண்டு, பிறகு விடுபட்டு, சங்கக்கடைக்குப் பின்பக்கத்தால் போய், பதினொன்று இருபதுக்குக் குடியேற்ற அலுவலகத்தை அடைந்தன. குடியேற்றத்திலேயே ஆகப் பள்ளமான இடம் அதுதான்; மேடான இடத்தைத் தூபிக்குக் கொடுத்திருந்தார்கள். நிழல் படியேறி, எழுதுவினைஞர்களின் மேசைகளைத் தாண்டி, கதிர்காமநாதனின் அலுமாரிவரை போய் நிறைந்து நின்றது. அங்கே வேலி இல்லை. நான்கு பக்கமும் சுவர் இருந்தது. ஆகையால் அது பிறகு வெளியே வரவில்லை.

தூபியும் கோபுரமும் நிழலில்லாமல் நின்றன. வெயிலுக்கு அங்கே ஒதுங்கப் போன ஆடுகள் ஏமாந்து திரும்பின. நாற்பத்தேழாம் காணியின் பயிர் ஒன்பது நாளில் பச்சை பிடித்தது. மார்கழி பதினைந்தாம் திகதி கதிர்காமநாதன் வந்து பார்வையிட்டார். கண் கூசியதால் கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார். காணி திருப்பி எடுக்கப்படவில்லை. மாசியில் நூற்று நாற்பது புசல் நெல் விளைந்தது. யாத்திரிகர்கள் சில காலம் அலுவலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தார்கள். உள்ளேயிருந்து வரிசையில் வரும்படி குரல் கேட்டதும் வருவதை நிறுத்திவிட்டார்கள். பௌர்ணமிப் பேச்சு நிற்கவில்லை; கோயிலிலும் பிரசங்கம் நிற்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் அலுவலகத்தில் ஒரு மூலை கூடுதலாக இருண்டது. 1961இல் பதிவேட்டு அறை போயிற்று. 1963இல் உத்தியோகத்தரின் விடுதியும் குசினியும் போயின. பகலில் மண்ணெண்ணெய் எரிப்பதற்கு ஒரு படிவம் அச்சடித்து வந்தது.

1964 பங்குனியில் காணி உறுதிப் பத்திரம் வாங்கச் சிவனேஸ்வரி மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் போனாள். வரிசையில் நின்ற எல்லோர் கையிலும் அரிக்கன் லாம்பு இருந்தது, அவளும் கொண்டுபோயிருந்தாள். லாம்பு இரண்டு அடிக்குமேல் காட்டவில்லை.

"ஆர் அது?" என்று கேட்டார் கதிர்காமநாதன்.

"நான்தான் ஐயா, நாப்பத்தேழு."

"வெளியிலை வெயிலோ, பிள்ளை?"

"ஓம், நல்ல வெயில். நெல்லுக் காயப்போட்டிட்டு வந்தனான்."

அவர் கடதாசியைக் கையால் தடவிப் பார்த்து, குத்துமதிப்பாக ஓரிடத்தில் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து விரித்துப் பார்த்தபோது உறுதியில் கதிர்காம என்பதுவரை இருந்தது; மிச்சம் மேசையில் விழுந்திருந்தது. அந்த வருஷம் எல்லாருடைய உறுதியும் அப்படித்தான். சிவனேஸ்வரி லாம்பை ஊதி அணைத்தாள். உறுதியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, நெல்லைக் கிளறிவிட நேரமாகிவிட்டதென்று வெயிலுக்குள் இறங்கி நடந்தாள்.